அத்தையின் நெஞ்சுவலி

பிறந்து ஒரு வாரமே ஆன குழந்தை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. அவசரப் பிரிவு டாக்டரோ போர்வையைக்கூட விலக்காமல், "சமர்த்தா தூங்குது. முதல் குழந்தையா? வீட்டுக்குப் போங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு நகர்ந்தார். கத்துகிறவர்களுக்குத்தான் அங்கே கட்டில்.

குழந்தையின் அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணி, பிள்ளையை இப்படிக் கொடுங்க" என்று வாங்கி அணைத்துக்கொண்டவள், "ஐயோ, நெஞ்சு வலிக்குதே!" என்று கூரை பிய்ந்துபோகக் கத்தினாள்.

அடடா, என்ன வேகம்! கட்டில் உருண்டு வந்தது. பின்னாலேயே டாக்டரும் ஓடி வந்தார்.

அத்தை அந்தக் கட்டிலில் குழந்தையைக் கிடத்திப் போர்வையை உருவினாள். "எனக்கு ஒண்ணுமில்ல சார். இவளைப் பாருங்க."

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டரின் முகம் வெளுத்தது. அள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்.

மாலையில் திரும்பி வந்தவர், "ரத்தத்துல கிருமி. பிழைச்சுக்குவா. நல்லவேளை, சரியான நேரத்துல கொண்டு வந்தீங்க" என்றார் பெருந்தன்மையாக.

"நாங்க அப்பவே வந்துட்டோம் சார்" என்றாள் அத்தை. "நீங்கதான் லேட்டா வந்தீங்க."