சுதந்திரப் பால்

எங்கள் ஊரில் பூனையே வளர்க்காதவர்கள்கூடப் பூனைக்கு என்று சொல்லித்தான் என்னிடம் பால் வாங்குவார்கள். ஆலையில் சூடாக்கிப் பதப்படுத்தாத பாலை மனிதர்களுக்கு விற்பது அயோவாவில் குற்றம். பூனைக்கு விற்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கறவைக் கொட்டகையை ஒட்டிய அறையில் ஒரு பழைய குளிர்பெட்டி வைத்திருந்தோம். மூடியில் பேரெழுதி ஒட்டிய கண்ணாடி ஜாடியை வைத்துவிட்டுப் போவார்கள், நான் நிரப்பி வைப்பேன், எடுத்துக்கொண்டு போவார்கள். பாதிரியார் மனைவி வாங்கினாள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் வாங்கினான், தீவனக் கடைக்காரன் கர்ட்டிஸ் வாங்கினான். கர்ட்டிஸுக்குப் பூனையைக் கண்டாலே தும்மல் வரும்.

பால் இன்ஸ்பெக்டர் டேல் வருஷத்தில் சில தடவை வருவான். என் கணவர் ஓரினோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். தொட்டியைப் பார்ப்பான், குழாயைப் பார்ப்பான், குளிர்பெட்டிப் பக்கம் வந்ததும் இந்த வருஷம் பனி ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். கண்டும் காணாமல் இருப்பதற்கும் ஒரு பெரிய மனசு வேண்டும். டேலுக்கு அது இருந்தது.

அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற லைசென்ஸில்தான் எங்கள் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்தால் ஆலை லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தொட்டியைக் காலி செய்துகொண்டு போகும். இல்லையென்றால் லாரி வராது. லாரி வராத வீட்டில் மாடு எதற்கு, மாடில்லாத வீட்டில் நாங்கள் எதற்கு? கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. என் தங்கை டெக்சாஸில் பிரசவித்தபோதுகூடப் போக முடியவில்லை. இந்த மாடுகள் என்னைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்று ஓரினிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அவர் பதில் சொல்ல மாட்டார். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும்.

அப்படிப்பட்டவரைத்தான் எல்டன் வோஸ் பிடித்துக்கொண்டார்.

வோஸ், மொன்டானாவிலிருந்து வந்த கிழட்டு மாட்டு டாக்டர். காங்கிரஸ் சபையில் எல்லா மசோதாவுக்கும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டே பேர் வாங்கியவர். ஜனாதிபதியாக வருவேன் என்று கிளம்பியிருந்தார். டிவிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். கருத்துக் கணிப்பில் ‘மற்றவர்கள்’ என்ற கட்டத்துக்குள் கிடந்தார். அந்த ஆள் எங்கள் ஊர் பீட்சாக் கடையின் பின்னறையில் நாற்காலிமேல் ஏறி நின்று, ஒரு மனுஷன் தன் மாட்டுப் பாலைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு விற்க வாஷிங்டனையும் கேட்க வேண்டாம், அயோவாவையும் கேட்க வேண்டாம் என்று பேசியிருக்கிறார். ஓரின் வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். “நம்மளப் பத்திப் பேசினாரு மார்லிஸ்” என்றார். முகம் அப்படியே சிவந்திருந்தது. அவரை அப்படி நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து மாட்டுக் கொட்டகையில் ரேடியோப் பாட்டு நின்று வோஸின் பேச்சு ஓடத் தொடங்கியது. காகிதப் பணம் எப்படி மதிப்பிழக்கிறது என்று ஓரின் மாடுகளுக்கு விளக்கிக்கொண்டிருப்பார். என்னிடம் பேசாத பேச்சையெல்லாம் அவற்றிடம் பேசினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. ஒட்டுப்பலகையில் தானே வோஸ் என்று எழுதி நெடுஞ்சாலை ஓரமாக நட்டார். பனி தள்ளும் வண்டிக்காரன் சாய்த்துவிட்டுப் போக, மறுபடி போய் நட்டார்.

டிசம்பரில் வோஸுக்குப் பிரசாரம் செய்கிற பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். அரிசோனாவிலிருந்து மிக்கா, ஒஹையோவிலிருந்து டெஸ், இன்னும் யார் யாரோ. வேலைக்கு லீவு போட்டவர்கள், வேலையை விட்டவர்கள். ஒரு பழைய வேனில் வந்து எங்கள் வீட்டு நிலவறையில் படுத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள், அதை நான் மறுக்க மாட்டேன். மூக்கு உறைந்துபோகிற குளிரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினாலும் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் வந்து நான் செய்த மான்கறிக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றுவிட்டு, எங்கள் பாலைச் செம்பு செம்பாகக் குடித்தார்கள். ஓரின் அவர்களுக்குச் சாமி மாதிரி ஆகிவிட்டார். ‘சட்டத்துக்கு அடங்காத விவசாயி’ என்று எங்கெங்கோ போன் போட்டுச் சொன்னார்கள். சத்தமில்லாமல் நடக்கிற வரைக்கும்தான் இது நடக்கும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அவர்களுக்குச் சுதந்திரம் என்றால் எல்லோருக்கும் கேட்கிறாற்போலக் கத்த வேண்டும்.

காக்கஸுக்கு, அதாவது கட்சிக்காரர்கள் கூடி யார் வேட்பாளர் என்று ஓட்டுப் போடுகிற கூட்டத்துக்கு, முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தேவாலயத்திலிருந்து திரும்புகிறோம். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் தீவனக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தரைவரைக்கும் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. அதில் ஆள் உயர எழுத்தில் ‘சுதந்திரப் பால் இங்கே கிடைக்கும். வோஸுக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று எழுதியிருந்தது. கீழே பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களுக்குப் பரிசாம். படம் பிடித்து இணையத்திலும் போட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் முன்பின் தெரியாத கார்கள் வாசலில் வந்து நின்றன. நான் குளிர்பெட்டி அறைக் கதவைப் பூட்டப் போனேன். ஓரின் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி அழகாகத்தான் இருக்கிறது என்றார்.

மறுநாள் டேல் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, காபியும் வேண்டாம் என்றான்.

“நான் பாக்கலன்னுதான் இத்தன வருஷமாச் சொல்லிட்டிருக்கேன் மார்லிஸ். கோபுர உசரத்துல தொங்கவிட்டா நான் எப்படிப் பாக்கலன்னு சொல்றது?”

மேலிடத்திலிருந்து அவனுக்குப் போன் வந்துவிட்டது. ஏதோ விளம்பரப் பைத்தியங்கள் செய்த வேலை, விற்பனை எதுவும் கிடையாது என்று சமாளித்து வைத்திருக்கிறான். இப்போதே தார்ப்பாயை இறக்க வேண்டும். நாளைக்குக் கூட்டத்தில் ஓரின் பேசட்டும், யார் வேண்டாமென்றது, ஆனால் பால் என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. அதே கூட்டத்தில் டேலும் ஓட்டுப் போட உட்கார்ந்திருப்பான். அத்தனை பேர் முன்னால் தன் காதில் விழுந்துவிட்டால் லைசென்ஸை நிறுத்துவதைத் தவிர வழியில்லை, இல்லாவிட்டால் தன் வேலை போய்விடும் என்றான். கடைசியில் கெஞ்சுகிற குரலில்தான் சொன்னான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

நானே ஏணி வைத்துத் தார்ப்பாயை அறுத்துப் போட்டேன். ஓரின் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மிக்கா ஓடி வந்தான்.

“பயந்துட்டீங்களா சார்?”

ஓரினுக்கு அது சுருக்கென்று தைத்ததை நான் பார்த்தேன். ஏணியிலிருந்தே கேட்டேன், “உனக்கென்ன தம்பி? நாளன்னைக்கு நீ வேற மாகாணத்துல இருப்ப. நாங்க இங்கயேதான கெடக்கணும்?”

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஓரின் எனக்கு வாக்குக் கொடுத்தார். போர், கடன், வரி, இது மூன்றும்தான். பாலைப் பற்றிப் பேச்சே இல்லை.

காக்கஸ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் நடந்தது. மடக்கு நாற்காலி, ஈர பூட்ஸ், பெரிய பாத்திரத்தில் காபி, எல்லாம் வழக்கம்போல. எங்கள் கட்சிக்காரர்கள் வட்டாரம் வட்டாரமாகக் கூடுவோம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் அந்த வட்டாரத்து ஆள் ஒருத்தர் எழுந்து பேசலாம். அப்புறம் துண்டுச் சீட்டில் பேரெழுதி மடித்துப் போட வேண்டும். எல்லோர் முன்னாலும் எண்ணுவார்கள். எனக்கு அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகமெல்லாம் எங்கள் ஜாடிகளின் மூடியில் இருந்த பேர்கள்தான். டேல் மூன்றாவது வரிசையில் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள்.

ஓரின் எழுந்தார். காகிதத்தைப் பிரித்தார். போர் என்றார், கடன் என்றார், வரி என்றார். மொத்த அரங்கிலும் அவர் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். பால் வரவில்லை. உட்கார்ந்தார். நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். தலை தப்பியது என்று நினைத்தேன்.

அடுத்து கர்ட்டிஸ். போட்டியில் நின்ற கவர்னர் ஒருவருக்காகப் பேச வந்தவன். கர்ட்டிஸுக்கு மைக் கிடைத்தால் போதும், வேடிக்கை பண்ணியே தீருவான். வோஸ் ஜனாதிபதியானால் மருந்துக்குச் சோதனை கிடையாது, இறைச்சிக்குச் சோதனை கிடையாது என்று அடுக்கிவிட்டு, கிருமி மொய்க்கிற பச்சைப் பாலை நம் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள், எந்தப் பெற்றவனாவது அதற்கு ஒத்துக்கொள்வானா என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். ஓரின் முழங்கால் என் கைக்குள்ளிருந்து நழுவுவது தெரிந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்துவிட்டார்.

“கர்ட்டிஸ், உன் ஜாடி வெள்ளிக்கெழமைலேர்ந்து என் பெட்டியிலேயே இருக்கு” என்றார், ரொம்ப மெதுவாக. “போறப்ப எடுத்துட்டுப் போ. உன் மக அழுவா.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“என்ன ஜாடி? எனக்கு எந்த ஜாடியும் தெரியாதே” என்றான் கர்ட்டிஸ்.

ஓரின் அவனை விட்டுவிட்டு அரங்கைச் சுற்றிப் பார்த்தார். “சரி. வேற யாருக்காச்சும் தெரியுமா? என் பால் யார் வீட்டுலயாச்சும் யாரையாச்சும் படுக்க வச்சிருக்கா? குடிச்சவங்க கையத் தூக்குங்க.”

பாதிரியார் மனைவி தன் கையுறையின் தையலை எண்ணுகிறாள். பஸ்காரன் காபிக் கோப்பைக்குள் பார்க்கிறான். டேல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். அத்தனை பேர் நடுவில் என் புருஷன் ஒற்றை ஆளாக நின்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் யாராவது ஒருத்தர் தூக்க வேண்டுமே. நான் கையைத் தூக்கினேன். கட்டினவள் தூக்கி என்ன பிரயோசனம்?

கூட்டத்தை நடத்திய தலைவரம்மா சீட்டு எழுதலாம் என்றாள். எழுதினார்கள், மடித்தார்கள், ஐஸ்கிரீம் வாளியில் போட்டார்கள். எண்ணத் தொடங்கினார்கள். வோஸ் என்று படித்தாள். கவர்னர் என்று ஒன்று. வோஸ். வோஸ். இன்னும் ஒரு வோஸ். படிக்கப் படிக்க அவள் குரலே மாறியது. எங்கள் வட்டாரத்தில் எல்டன் வோஸ் ஜெயித்துவிட்டார். கிட்டேகூட யாரும் வரவில்லை.

பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள். டெஸ் அழுதேவிட்டாள். மாவட்ட மாநாட்டுக்கு எங்கள் வட்டாரப் பிரதிநிதியாக ஓரினைத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு மட்டும் எல்லாக் கையும் மேலே போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இந்தக் கைகளெல்லாம் எங்கே போயிருந்தன? மடித்த சீட்டில் எழுதத் தெரிகிறது, முகத்துக்கு நேரே ஆமாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஜெயிக்கவைத்தே எங்களைத் தீர்த்துக்கட்டினார்கள்.

வண்டியில் வரும்போது ஏன்யா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“என் பாலக் கிருமின்னுட்டான் மார்லிஸ்” என்றார்.

அதற்குமேல் கேட்க எனக்கும் மனசு வரவில்லை.

காலைக் கறவை முடிவதற்குள் பிள்ளைகள் வேனை ஏற்றிக்கொண்டு நின்றார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் வோஸுக்கு அடுத்த தேர்தல் வருகிறதாம், அங்கே ஆள் போதாதாம். மிக்கா ஓரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான். நீங்கள்தான் சரித்திரம் படைத்தீர்கள் என்றான். வேன் வளைவில் திரும்பும்போது எதிரே டேலின் கார் வந்தது. அவர்கள் யாரென்று தெரியாமல் அவனுக்கும் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

டேல் லைசென்ஸ் நிறுத்தம் என்று எழுதிய சிவப்புச் சீட்டைத் தொட்டிக் குழாயில் கம்பியால் கட்டினான். குளிரில் விரல் மடங்காமல் கம்பி நழுவி நழுவி விழுந்தது. ஓரின் குனிந்து கம்பியைப் பிடித்துக் கொடுத்தார். விசாரணை எப்போது வரும், மறுபடி லைசென்ஸ் கிடைக்குமா, ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. லாரிக்காரனுக்குத் தகவல் போய்விட்டது என்றான். கதவுவரைக்கும் போனவன் திரும்பி நின்றான்.

“நானும் வோஸுக்குத்தான் போட்டேன் ஓரின்.”

“தெரியும்” என்றார் ஓரின்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது, உட்காரவைத்துக் காபி கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் போனபிறகு ஓரின் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். பால் கொட்டகைச் சாக்கடை வழியாக வெளியே போனது. பனியின்மேல் வெள்ளையில் வெள்ளை, போவதே தெரியவில்லை, ஆவி மட்டும் எழுந்தது. காலியாக ரொம்ப நேரம் ஆனது. இனிமேல் மாட்டை விற்றாக வேண்டும், அதற்கும் வாங்குகிறவன் வரவேண்டும். அதுவரைக்கும்?

மாட்டுக்கு லைசென்ஸ் தெரியுமா, வோஸைத் தெரியுமா? சாயங்காலம் மடி கனத்து எல்லாம் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. கறக்காமல் விட்டால் அவற்றுக்கு வலிக்கும். நானும் ஓரினும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய், ஒன்றுவிடாமல் எல்லா மாட்டையும் கறந்து, கறந்ததையெல்லாம் சாக்கடையில் ஊற்றினோம்.