இரண்டு சி.சி. கூடுதல்

தனசிங்குக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் கிளப்பின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

"எந்த மடையன் என் பேரை இங்க எழுதினான்?"

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது கிளப். கேரம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஆட ஆரம்பித்தார்கள். தனசிங் கத்துவது அங்கே யாருக்கும் புதிதில்லை.

ஆனால் இன்றைக்கு அவன் கத்தியதில் நியாயம் இருந்தது. பலகையில் ஒட்டியிருந்தது பிப்ரவரியில் சோழவரத்தில் நடக்கப்போகும் பந்தயத்தின் பட்டியல். 'ஆயிரத்து நூறு சி.சி. வரை, மாற்றம் செய்யப்படாத கார்கள்' என்ற தலைப்பின் கீழே நாலு பேர்: கேசவன், தயாளன், ஐசக், அரிகிருஷ்ணன். நாலும் ஃபியட். ஐந்தாவது ஃபியட் தனசிங்குடையது. அதைக் கொண்டுபோய் அடுத்த தாளில், 'மாற்றம் செய்யப்பட்ட கார்கள்' என்ற பிரிவில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரிவில் இருந்த மற்ற மூன்றும் என்னென்ன தெரியுமா? சீமையிலிருந்து எஞ்சின் வரவழைத்துப் போட்ட ஒரு ஹெரால்டு, இரட்டைக் கார்புரேட்டர் வைத்த ஓர் அம்பாசடர், கூரையையே அறுத்தெறிந்துவிட்டு ஓடும் ஏதோ ஒன்று. அவற்றோடு பதினைந்து வருஷத்துப் பழைய ஃபியட் ஓட வேண்டுமாம்!

ஓடித் தோற்றால்கூடப் பரவாயில்லை. ஆயிரத்து நூறு பிரிவில் முதலில் வருகிறவனைத்தான் கிளப் தன் செலவில், காரையும் கூட்ஸில் ஏற்றி, கல்கத்தா பந்தயத்துக்கு அனுப்பும். மற்றப் பிரிவுகளுக்கு ஒரு கோப்பை, ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். மூன்று வருஷமாகத் தனசிங் இரண்டாவது வந்துகொண்டிருந்தான், மூன்று வருஷமும் கேசவன்தான் முதல். இந்த வருஷம் கேசவனைப் பிடித்துவிடுவேன் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நாற்பத்திரண்டு வயசாகிறது. கல்கத்தாவை இப்போது விட்டால் எப்போது?

காரியதரிசியின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தான்.

காரியதரிசி சம்பந்தம் கீழ்க்கட்டளைக்காரர். பாட்டன் பூட்டன் நெல் விளைத்த நிலத்தை மனை மனையாகப் போட்டு விற்றவர். கேசவன் அவருடைய மூத்த மகன். அரிகிருஷ்ணன் அவருடைய மாப்பிள்ளை. சம்பந்தம் எந்தக் காலத்திலும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, அதுவே தனசிங்குக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உக்காருங்க சார்."

"உக்கார வரல. என் வண்டி ஸ்டாண்டர்டு ஃபியட். அதை எப்படி அந்தப் பிரிவுல போட்டீங்க?"

சம்பந்தம் ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். தனசிங்கின் கையெழுத்துதான். ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்க்கிறவன், எழுத்து அச்சு மாதிரி இருக்கும். 'தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் செய்யப்பட்ட மாற்றங்கள்' என்ற கட்டத்தில், 'சிலிண்டர் ரீபோர், 0.4 மில்லிமீட்டர். புது பிஸ்டன், அதற்கேற்ற அளவு' என்று எழுதியிருந்தான்.

"கணக்குப் போட்டுப் பாத்தேன். வண்டி வரும்போது ஆயிரத்து எண்பத்தொன்பது சி.சி. நீங்க சிலிண்டர் போரைப் பெரிசு பண்ணினதுல ஆயிரத்து நூத்தி ரெண்டு ஆயிருக்கு. ரூல்ல ஆயிரத்து நூறு வரைக்கும்னுதானே இருக்கு?"

"அது ரிப்பேர் சார்! போன வருஷப் பந்தயத்துக்கு அப்புறம் சிலிண்டர் தேஞ்சு ஆயிலைக் குடிச்சுது. கடைஞ்சு பெரிய பிஸ்டன் போட்டேன். வேகத்துக்காகவா போட்டேன்?"

"எதுக்காகப் போட்டீங்கன்னு படிவத்துல கேக்கலையே."

"அப்ப மத்த வண்டியெல்லாம்? கேசவன் வண்டி?"

"எல்லாரும் 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் நம்பித்தானே ஆகணும்?" என்றார் சம்பந்தம். "யாருக்காவது சந்தேகம்னா, பந்தயம் முடிஞ்சு அரை மணிக்குள்ள நடுவர்கிட்ட எழுத்துல ஆட்சேபம் குடுக்கலாம். ஜெயிச்ச வண்டியைத் திறந்து அளப்போம். தப்புன்னா அடுத்தவன் வண்டி. அதுவும் தப்புன்னா அதுக்கு அடுத்தது. சரியா இருக்கிற முதல் வண்டிக்குத்தான் இடம்."

தனசிங் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

நேராக முடிச்சூர் சாலைக்குப் போனான். பொன்னுரங்கத்தின் பட்டறை அங்கேதான். தாம்பரத்தில் பழைய ஃபியட் வைத்திருக்கிற எல்லோருக்கும் பொன்னுரங்கம்தான் மெக்கானிக். கிளப்புக்கும் அவர்தான். பட்டறையில் தயாளன் தன் வண்டிக்குப் பிளக் மாற்றிக்கொண்டிருந்தான். தயாளன் வேறு யாருமில்லை, தனசிங்கின் மனைவி ரத்தினபாயின் தம்பி. சேலையூரில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்துகிறான்.

தனசிங் நடந்ததைச் சொன்னதும் பொன்னுரங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் நீ, படிச்ச மன்சன், இப்படியா பேஜார் பண்ணிக்குவ? அத்த யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா?"

"கட்டம் போட்டுக் கேட்டிருக்கான். எழுதாம என்ன பண்றது?"

"மெட்ராஸ்ல ரீபோர் பண்ணாத பழைய ஃபியட்டு எங்க சார் கீது? புது எஞ்சின் பிளாக் எங்க கெடைக்குது? உன் வண்டி, இதோ இவரு வண்டி, ஐசக் சார் வண்டி, எல்லாம் நான்தான் இட்டுகினு போய் லேத்துல குடுத்தேன். கேசவன் வண்டி ரெண்டு தபா போயாச்சு."

தனசிங் மச்சினன் பக்கம் திரும்பினான். "நீயும் 'இல்லை'ன்னு எழுதினியா?"

தயாளன் பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். "எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க, அத்தான். அது ஒரு சடங்கு."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் வரிசையில உக்கார்ற. கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்றது உனக்குச் சடங்கா?"

"இதுல எதுக்கு அத்தான் கோயிலை இழுக்கறீங்க?"

அன்றிலிருந்து பந்தயத்து நாள்வரை தனசிங் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தப்பு செய்தவனை மேலே உட்காரவைத்துவிட்டு, உண்மையை எழுதினவனைக் கீழே தள்ளுகிற ஊரில் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது? ரத்தினபாய் சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். பேர் கொடுத்ததை வாபஸ் வாங்கிவிடுங்களேன் என்று அவள் ஒரு தடவை சொன்னதற்கு, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

சோழவரத்தில் எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாகவே ஓடவிடுவார்கள். இடங்களை மட்டும் பிரிவு பிரிவாகக் கணக்கிடுவார்கள். கொடி விழுந்ததும் ஹெரால்டும் அம்பாசடரும் கூரையில்லாததும் பறந்துபோயின. தனசிங் அவற்றைப் பார்க்கவே இல்லை. அவன் கண் கேசவனின் பச்சை ஃபியட் மேலேயே இருந்தது. ஆறாவது சுற்றில் கேசவன் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனான். உள்பக்கம் கிடைத்த இடத்தில் தனசிங் வண்டியை நுழைத்தான், கியர்பெட்டி அலறியது, தாண்டிவிட்டான்! அதன்பிறகு கேசவன் நாலு சுற்றும் முட்டி மோதிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து ஃபியட்டுகளில் முதலாவதாகக் கோட்டைக் கடந்தது தனசிங்கின் வண்டி. பின்னால் கேசவன், அவனுக்குப் பின்னால் தயாளன், அப்புறம் ஐசக். அரிகிருஷ்ணன் எங்கோ கடைசியில் வந்துகொண்டிருந்தான். அவனை யாரும் எண்ணவே இல்லை.

ஒலிபெருக்கி அறிவித்தது. ஆயிரத்து நூறு பிரிவில் முதல் இடம், கேசவன். கல்கத்தாவுக்குத் தேர்வு, கேசவன். மாற்றம் செய்யப்பட்ட பிரிவில் நாலாவது இடம், தனசிங். அந்தப் பிரிவில் ஓடியதே நாலு வண்டிதான்.

கேசவன் வந்து கையை நீட்டினான். "நல்லா ஓட்டினீங்க சார்." நக்கல்கூட இல்லை, மனசாரத்தான் சொன்னான்.

தனசிங் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆட்சேபம் எழுதப் பையிலிருந்து காகிதம் எடுத்தான். தயாளன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், வேணாம். அவனைத் திறந்தா அடுத்தது என்னைத் திறப்பாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதறீங்க?"

"நீ ஏன்டா பொய் எழுதின? நீயும் இவனும் ஐசக்கும் என்னை மாதிரி எழுதியிருந்தா அந்த ரூலே செத்துப்போயிருக்கும். மூணு பேரும் சேர்ந்து என்னை ஒத்தையா தள்ளிட்டீங்க. இப்ப எல்லாரும் வெளியே வாங்க. இந்த ஊர்ல ஆயிரத்து நூறு சி.சி. வண்டி ஒண்ணுகூட இல்லேன்னு அந்த ஆளு முகத்துல எழுதி ஒட்டறேன். அப்புறம் ரூலை மாத்தித்தானே ஆகணும்? எல்லாரும் ஒரே பிரிவுன்னா யாரு முதல்ல வந்தான்?"

தயாளன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டான்.

நடுவராக வந்திருந்த கர்னல் ஆட்சேபத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "திறங்கள்" என்றார். சம்பந்தம் அப்போதும் குரலை உயர்த்தவில்லை, கன்னம் மட்டும் துடித்தது. பொன்னுரங்கம் தனசிங்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, தன் ஆட்கள் இருவரோடு வேலையில் இறங்கினார்.

கேசவனின் எஞ்சின் தலையைத் தூக்கியதும் கர்னல் தானே அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தார். அறுபத்தெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தெட்டே முக்கால். கேசவன் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டான். தனசிங்குக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லக்கூடாது, அந்தக் கணத்தில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்தது தயாளனின் வண்டி. அறுபத்தெட்டு புள்ளி நாலு, தனசிங்கின் வண்டிக்கு இருந்த அதே அளவு. கர்னல் தயாளனின் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்ற நூறு பேர் கேட்கும்படி, "இது உம்முடைய கையெழுத்துத்தானே?" என்று கேட்டார். தயாளன் தலையை ஆட்டினான். கழுத்துவரை வேர்த்திருந்தது. கூட்டத்தில் அவனுடைய டைப்ரைட்டிங் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்ததைத் தனசிங் அப்போதுதான் கவனித்தான்.

ஐசக்கின் வண்டியும் அதே கதைதான்.

"முடிஞ்சுதா?" என்று தனசிங் சம்பந்தத்தின் முன்னால் போய் நின்றான். "எங்க சார் உங்க ஆயிரத்து நூறு? ஒரு வண்டி காட்டுங்க பாக்கலாம்!"

சம்பந்தம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அரிகிருஷ்ணன் இருக்காரே," என்றார்.

தனசிங் திரும்பிப் பார்த்தான். கடைசியில், வேப்பமரத்தடியில், பளபளவென்று நின்றிருந்தது அரிகிருஷ்ணனின் வெள்ளை ஃபியட். ஊரே பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கும்போது மாமனார் எப்படியோ வாங்கிக் கொடுத்த புது வண்டி. நாலு மாசம்கூட ஆகவில்லை. பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். போல்ட்டுகளின் மேல் தொழிற்சாலைப் பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. "இத்த எவனும் தொட்டதே இல்ல சார்," என்றார். தனசிங்கும் குனிந்து பார்த்தான். உண்மைதான். அந்த வண்டியில் யாரும் எதையும் மாற்றவில்லை, மாற்றவேண்டிய அவசியம் அதற்கு வந்ததே இல்லை.

"கல்கத்தாவுக்குத் தேர்வு, அரிகிருஷ்ணன்," என்றது ஒலிபெருக்கி. எல்லோரையும்விட ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கி வந்தவன் கழுத்தில் மாலை ஏறியது. மகன் போகாவிட்டால் என்ன, மாப்பிள்ளை போகிறான். சம்பந்தம் வீட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் லாபம்தான்.

"இது அயோக்கியத்தனம்!" என்று தனசிங் கத்தினான். "கர்னல் சார், இது பச்சை அயோக்கியத்தனம்! புது வண்டி வாங்க வக்குள்ளவனுக்குத்தான் பந்தயம்னா அதை வெளியில போர்டு எழுதிப் போடுங்க!" கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

கூட்டம் கலைந்தபோது மூன்று ஃபியட்டுகள் எஞ்சின் திறந்து கிடந்தன. புழுதிக் காற்றில் அவற்றை அங்கேயே வைத்து மறுபடி பூட்ட முடியாது, கட்டித்தான் இழுத்துப் போகவேண்டும். தனசிங் தன் டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு தயாளனின் வண்டி முன்னால் போய்க் குனிந்தான். ஐந்து ஃபியட்டுகளில் ஓடுகிற நிலையில் இருந்தவை இரண்டே இரண்டு, அதில் ஒன்று அவனுடையது.

"தொடாதீங்க, அத்தான்."

"தாம்பரம்வரைக்கும் யாரு இழுத்துட்டுப் போறது? கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

தயாளன் வேப்பமரத்தடிக்கு நடந்துபோய் அரிகிருஷ்ணனிடம் ஏதோ கேட்டான். அரிகிருஷ்ணன் மாலையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, வெள்ளை வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வந்தான். தயாளன் தரையில் மண்டியிட்டு அரிகிருஷ்ணனின் கயிற்றைக் கட்டினான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். அப்புறம் எழுந்து, தனசிங்கின் முகத்தைப் பார்க்காமல், "அக்காகிட்ட நானே வந்து சொல்லிக்கறேன்," என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"நான் ஒரு எழுத்துக்கூடப் பொய் எழுதலைடா!" என்று தனசிங் கத்தினான். வெள்ளை வண்டி புறப்பட்டது. கயிறு இறுகி, மச்சினனின் வண்டி குலுங்கி நகர்ந்து அதன் பின்னால் போனது.