பதினோரு பியானோ, மூன்று அக்கார்டியன்

உலகத்தில் ஒழுங்காக வேலை செய்யும் காதுகள் மொத்தம் இரண்டே இரண்டுதான். இரண்டும் ஒரே தலையில், பக்கத்துக்கு ஒன்றாக அமைந்துவிட்டது தற்செயல். அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் இதைப் பெருமைக்காகச் சொல்வதில்லை. தனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதைப் போல, உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு தகவலாகத்தான் சொல்வார். வீட்டில் அவருக்குக் காது என்றே பெயர்.

இரவில் கணினியில் மெட்டுப் போடும் காது, பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர். வந்தவர் முகத்தில் கனமான சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒன்னு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் வேலை. கடையில் நடக்கும் கூத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"இன்னிக்கும் ஒருத்தர் மாட்டினார். லென்ஸை மாத்தவே இல்ல, சும்மா கையை மட்டும் ஆட்டிட்டு 'இப்ப?'ன்னு கேட்டேன். 'ரெண்டாவதுதான் பளிச்சுனு இருக்கு சார்'ங்கறார். அதே லென்ஸ்! ரெண்டு கண்ணை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் இப்படியா ஏமாறுவான்?"

"பாவங்க. கேட்டுட்டாரே, ஏதாவது சொல்லி வைப்போம்னு சொல்லியிருப்பார்" என்றார் மனைவி. அவருக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. குழாயில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் குழாயையே பார்ப்பார்.

"கண்ணு ஏமாறும். காது ஏமாறாது" என்று பேச்சை முடித்தார் காது.

இந்தச் சமயத்தில்தான் தங்கை வந்து மாட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சக்கரச் சறுக்கு, அதாவது ஸ்கேட்டிங், சொல்லித் தருபவள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அரங்க மேலாளர் வந்து உட்கார்ந்து பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அரங்கம் அவளுக்கு. பிடிக்காவிட்டால் மேசைப்பந்துக்காரர்களுக்கு, அவர்கள் இப்போதே வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

"அண்ணா, மூணே நிமிஷத்துக்கு ஒரு ட்யூன் போதும். பியானோ கொஞ்சம், அக்கார்டியன் கொஞ்சம். பசங்க வட்டமா சுத்தி வரணும். நாலு மணிக்குள்ள வந்துடணும். இல்லேன்னா போன தடவை மாதிரி என் போன் அலாரம் ட்யூனைத்தான் போடணும். அதைக் கேட்டதும் பாதிப் பசங்க பள்ளிக்கூடம்னு நினைச்சு அழுதுட்டாங்க."

அவள் கேட்ட அன்றைக்கே மெட்டு காதின் விரல்களில் தயார். வாத்தியம்தான் தயாரில்லை. இசை மென்பொருளோடு கூடவே ஒரு பியானோ வந்திருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"கூட வர்ற பியானோவை வெச்சு ட்யூன் போடறவன், கடையில மாட்டி வெச்சிருக்கிற கண்ணாடியைச் சோதிக்காம போட்டுக்கிட்டுப் போறவன் மாதிரி" என்றார்.

ஆகவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளகின்களை, மென்பொருளில் செருகிக்கொள்ளும் வாத்தியங்களை, வேட்டையாடினார். ஒரு பியானோ மூன்று முறை மின்னஞ்சல் முகவரி கேட்டது. இன்னொன்று இறங்கி முடிக்க ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டு, கணினியில் இருந்த கல்யாணப் புகைப்படங்களுக்கு இடமில்லாமல் செய்தது. புகைப்படங்கள் போயின.

சனிக்கிழமை காலை பதினோரு பியானோவும் மூன்று அக்கார்டியனும் திரையில் வரிசைகட்டி நின்றன. காது சின்ன கீபோர்டை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஏற்றி வாசித்து, குறிப்பேட்டில் எழுதினார்:

ஒன்று: மர வாசனை. இரண்டு: தகரம். நான்கு: சோகம், ஆனால் பணக்காரச் சோகம். ஏழு: தெய்வீகம். எட்டு: ஏழின் பக்கத்தில் நிற்கக்கூடத் தகுதியில்லை.

மூன்று மணிக்கு அக்கார்டியனுக்கு வந்தார். துருத்திக் காற்றில் பாடவேண்டிய முதல் அக்கார்டியனை ஏற்றிக் கட்டையை அழுத்தினார். 'டொய்ங்' என்றது.

"ம்ம். காத்து பத்தல" என்று எழுதினார்.

இரண்டாவதும் 'டொய்ங்' என்றது. "துருத்தி கொஞ்சம் கூச்சப்படுது." மூன்றாவதும் அதேதான்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார். "ஏங்க, அக்கார்டியன் ஏன் பியானோ மாதிரி கேக்குது?"

"இலவசம்னா அப்படித்தான் இருக்கும். உனக்குப் பியானோவா கேக்குது. என் காதுக்கு உள்ளே ஒரு துருத்தி மூச்சு விடறது தெரியுது."

"எனக்குத் துருத்தி தெரியலங்க. லைட்டுதான் தெரியுது." மனைவி துணியோடு வந்து திரையில் விரல் வைத்தார். "நீங்க எந்தக் கட்டையை அமுக்கினாலும் மேல முதல் வரிசையிலதான் பச்சை விளக்கு எரியுது. அங்க என்ன எழுதியிருக்கு பாருங்க."

காது பார்த்தார். முதல் வரிசையில் மென்பொருளோடு கூட வந்த பியானோ இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. கீழே இருந்த பதினாலு வரிசைகளிலும் அந்தப் பொத்தான் அணைந்தே கிடந்தது. அதை அமுக்கினால்தான் கீபோர்டின் பேச்சு அந்த வரிசைக்கு எட்டும். பதினோரு பியானோவும் மூன்று அக்கார்டியனும் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. மர வாசனை, தகரம், பணக்காரச் சோகம், தெய்வீகம் எல்லாமே கூட வந்த ஒரே பியானோதான்.

"தெய்வீகத்தைக் கொஞ்சம் போடுங்களேன், கேப்போம்" என்றார் மனைவி, முகத்தைத் துண்டில் மறைத்துக்கொண்டு.

ஏழாவது பியானோவின் பொத்தானை அமுக்கி வாசித்தார் காது. கரண்டியால் வாளியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. "அண்ணா, மூணு இருபது! பசங்க சக்கரம் மாட்டியாச்சு. மேசைப்பந்துக்காரங்க மேசையையே தூக்கிட்டு வந்து நிக்கறாங்க. வருமா, வராதா?"

"வரும்" என்றார் காது. குரலில் துருத்தி கூச்சப்பட்டது.

அக்கார்டியனில் தகராறில்லை. பொத்தானை அமுக்கியதும் முதலாவதே நன்றாக மூச்சுவிட்டது. மூன்று நிமிடத்தில் பதிவாகிவிட்டது. ஆனால் பியானோ? கூட வந்ததை எடுக்க மனசு வரவில்லை. மற்றவற்றைக் கேட்க நேரமில்லை.

"கூட வந்ததையே போடுங்களேன், நல்லாத்தானே இருக்கு."

"அது மட்டும் முடியாது. எனக்குன்னு ஒரு பேர் இருக்கு."

மனைவி மணியைப் பார்த்தார். மூன்று முப்பத்தைந்து. துணியைக் கீழே வைத்துவிட்டு, மவுசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி. உங்க முறைப்படியே வெச்சுக்கலாம். கண்ணை மூடுங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன், நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

காது கண்ணை மூடினார். மனைவி முதல் வரிசையின் பொத்தானை அமுக்கினார்.

"இது ஒன்னு."

வாசித்தார்.

மனைவி மவுசை ஓசைப்பட ஒருமுறை தூக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். திரையில் எதுவும் மாறவில்லை. முதல் வரிசையில் அதே சிவப்புப் பொத்தான் எரிந்தது.

"இது ரெண்டு. எது தெளிவா இருக்கு?"

அதே நான்கு சுரங்களை வாசித்தார் காது. தலையைச் சாய்த்தார். புருவம் மெல்ல உயர்ந்தது. இரண்டு விரலைக் காட்டினார்.

"நினைச்சேன்" என்றார் மனைவி. "அப்படியே பதிவு பண்ணிடுங்க."

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு கிளம்பிப் போனது.

ஆறு மணிக்குத் தங்கையிடமிருந்து செய்தி: "அரங்கம் நமக்குத்தான் அண்ணா! ஒருத்தரும் விழல, ஒருத்தரும் அழல. பியானோ பிரமாதம்னு மேலாளரே சொன்னார். எந்தப் பியானோன்னு கேக்கறார்."

காது பதினோரு வரிசைகளையும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மனைவி அடுத்த அறையில்தான் இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொண்டு, சத்தம் போடாமல் தட்டச்சு செய்தார்:

"ரெண்டாவது."