பதினாறு வரவேற்பாளர்கள்

பதினொன்றாம் வகுப்புக்கான பிரிவுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வந்த தலைமையாசிரியர், தானே பரீட்சை எழுதித் தேறியவர் மாதிரிப் பூரித்திருந்தார்.

"ஆப்புல நூறு சதவீதம் டீச்சர்! வேற எந்த ஸ்கூலும் முடிக்கல. சாயங்காலம் லிஸ்ட்ட மேல அனுப்பிட்டா அதுக்கப்புறம் மாத்தவே முடியாது."

பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கைப்பேசியிலேயே கண்டுபிடித்துச் சொல்லும் செயலி அது. அறுபது கேள்வி. பதிலைத் தட்டினால் எந்த வேலை, எந்தப் பிரிவு என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். குறி சொல்கிறவளாவது எதிரே உட்காரவைத்து முகத்தைப் பார்ப்பாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

அவள் வகுப்பில் பத்தொன்பது பேரிடம் போன் இல்லை. போன வாரம் தலைமையாசிரியர் முடித்தே ஆகணும் என்று கழுத்தைப் பிடித்தபோது, அவர்களுக்கெல்லாம் டீச்சரே தன் போனில் தட்டினாள். முதல் மூன்று பிள்ளைகளுக்கு முகத்தை நினைத்துப் பார்த்துத் தட்டினாள். அப்புறம் பொறுமை போயிற்று, பஸ்ஸுக்கும் நேரமாயிற்று. மிச்சப் பேருக்கு எல்லாக் கேள்விக்கும் 'ஆம்'. எல்லாவற்றுக்கும் ஆம் போடுகிறவர்களுக்குச் செயலி ஒரே வேலைதான் வைத்திருந்தது: வரவேற்பாளர், கலைப்பிரிவு. ஒரே வகுப்பில் பதினாறு வரவேற்பாளர்கள்! அப்படி யார் வந்து குவியப்போகிறார்கள் என்று தலைமையாசிரியர் கேட்கவில்லை. அந்த மனிதருக்குச் சதவீதம் மட்டும்தான் கண்ணில் படும்.

வாசலில் அந்தப் பதினாறு பேரில் ஒருத்தியான 'பியூஸ்' நின்றாள். ஆய்வகத்தில் பியூஸ் மாற்றி, அணைந்துபோன விளக்கை எரியவைத்து அந்தப் பேரை வாங்கியவள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"சார், எனக்கு சயின்ஸ் குரூப்தான் வேணும். எலக்ட்ரிகல் படிக்கணும்."

"உன்னைப் பத்தி உன்னைவிட அதுக்கு நல்லா தெரியும்மா. நீ சொன்ன பதில வெச்சுத்தானே சொல்லுது?"

"நான் பதிலே சொல்லலையே சார்."

தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"மறந்திருப்பா சார்."

இத்தனை நாளும் செயலியைப் பார்த்துச் சிரித்தவளுக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பியூஸ் அழவில்லை. "நான் சொன்ன பதிலக் காட்டுங்க டீச்சர்" என்று கையை நீட்டினாள். போனைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவள் நின்றபடியே சத்தமாக வாசித்தாள்.

"'என் விருப்பத்தைவிடப் பிறர் விருப்பமே எனக்கு முக்கியம். ஆம்.' 'எனக்காக மற்றவர்கள் முடிவெடுத்தால் நிம்மதியாக இருப்பேன். ஆம்.'"

குரல் உயரவில்லை. ஒவ்வொரு 'ஆம்' முடிந்ததும் நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைத் தள்ளி அடுத்ததை வாசித்தாள்.