பெர்சியின் ஒற்றைச் சிறகு

கண்ணாடிப் பெட்டிக்குள் தன் கணவர் பெர்சியின் சீருடைக் கோட்டைப் பார்த்த மேவிஸ், கண்ணாடிக்கு அருகே குனிந்தாள். இடது மார்பில் ஒற்றைச் சிறகுச் சின்னம் ஒன்று பளிச்சென்று தைக்கப்பட்டிருந்தது. குண்டு வீசும் விமானத்தின் வாலில் உட்கார்ந்து சுடுகிறவனுக்கு விமானப்படை கொடுக்கிற சிறகு. அவள் கொடுத்தபோது அந்தக் கோட்டில் அது இல்லை.

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் பழைய விமானத்தளத்தின் தகரக் கொட்டகை ஒன்றில் நடக்கிற மியூசியம் அது. ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று எதையாவது துடைத்து, எதையாவது ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். பெர்சி மார்ச் மாதம் கண்ணை மூடியதும் மேவிஸ் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பறந்த விமானத்தின் ஆட்கள் இந்தப் பெட்டிக்குள்தான் படமாக இருந்தார்கள். சாகும்வரை பெர்சி இந்தக் கொட்டகைப் பக்கம் வரவே இல்லை. செத்த பிறகாவது மனிதர் அவர்களோடு நிற்கட்டும் என்று அவளுக்கு ஆசை.

"எப்படி இருக்கு மேவிஸ்?" என்று வால்டர் வந்து நின்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் இதே தளத்தில் விமானங்களுக்குக் குண்டு ஏற்றியவர். "சிறகைப் பூச்சி அரிச்சிருக்கும்போல. இங்க டீ போடற நம்ம ஹில்டா மூக்குக்கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்து தைச்சா. கோணலா இருந்தா அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டீ கிடைக்காது."

மேவிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது, பெர்சி சிறகோடு நண்பர்கள் பக்கத்தில் நிற்பார். சொல்லிவிட்டால் கோட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஆனால் அந்தச் சிறகோடு நிற்பது யாரோ ஒருவர், அவளுடைய பெர்சி இல்லை.

"பூச்சி அரிக்கலை. வெட்டி எடுத்தாங்க," என்றாள். "பத்தொன்பது தடவை குண்டு வீசப் போனார். அடுத்த தடவை கால் ஏணியில ஏறமாட்டேன்னுடுச்சு. கோழைன்னு எழுதி, எல்லார் முன்னாடியும் நிக்கவச்சுச் சிறகை வெட்டினாங்க. அந்த வாரமே இவர் இடத்துல வேற ஒரு பையன் போனான். விமானத்துல இருந்த ஏழு பேரும் திரும்பி வரலை."

வால்டர் தொப்பியைக் கழற்றினார். "தெரியும்," என்றார். "அன்னிக்கு அணிவகுப்புல நானும் நின்னேன். பூச்சி அரிச்சதுன்னது சும்மா. ஹில்டாவைத் தைக்கச் சொன்னதும் நான்தான்."

"தெரிஞ்சுக்கிட்டேவா தைக்கச் சொன்னீங்க?"

"கோழையாவது ஒண்ணாவது! யாருக்குப் பயம் இல்லை? அவங்க விமானத்தை ஓட்டின டெட்னு ஒரு பையன், ஒவ்வொரு தடவையும் விமானச் சக்கரத்துக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்துட்டுத்தான் ஏறுவான். வாய் கொப்புளிக்கத் தண்ணி கொடுத்ததே நான்தான். பெர்சி வாய்விட்டுச் சொன்னான், மத்தவன் சொல்லலை. அவ்வளவுதான் வித்தியாசம்."

மேவிஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனிதர் ஏங்கிச் செத்தார்.

"இதை அவர்கிட்டச் சொன்னீங்களா?"

வால்டர் தரையைப் பார்த்தார். "ஸ்லீஃபோர்டுல கறிக்கடை வாசல்ல பார்ப்பேன். தலையைக் குனிஞ்சுக்குவான். நாம போய்ப் பேசினா பழசு ஞாபகம் வந்து மனசு கஷ்டப்படுவானேன்னு... எதிர்ப்பக்கம் போயிடுவேன்."

"'அந்தக் குண்டு ஏத்தறவன் கூட என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டிப் போறான் மேவிஸ்'னு வீட்டுக்கு வந்து சொல்வார். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது."

வால்டரின் முகம் வெளுத்துவிட்டது. தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "சிறகை எடுத்துடவா? இருக்கட்டுமா? நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன்."

மேவிஸுக்குக் கோபத்தில் அழுகை வந்தது, அழுகையில் இன்னும் கோபம் வந்தது.

"துணியில தைச்சாலென்ன, பிரிச்சாலென்ன?" என்றாள். "கறிக்கடை வாசல்ல ஒரு நாள் நின்னு, 'என்ன பெர்சி, சௌக்கியமா'ன்னு கேட்டிருக்கலாமே, வால்டர்."