இரண்டாயிரத்து ஐம்பதில் மட்டக்களப்பு

செட்டிபாளையம் நல்லரத்தினத்துக்கு வீட்டுப் படம் கீறுவது தொழில். சண்டைக் காலத்தில் புது வீடு கட்ட யாருக்குத் துணிவு வரும்? ஷெல் விழுந்த குசினிக்கு ஒரு சுவர், ஓடு பறந்த வீட்டுக்கு ஒரு கூரை, மிஞ்சினால் ஒரு கக்கூஸ். கட்டடக்கலை படிக்க வேண்டிய மனிதர். கலவரம் வந்து படிப்பை விழுங்கிவிட்டது. அப்படிப்பட்டவரின் காதில், கொழும்புக் கட்டடக் கலைஞர்கள் 'இரண்டாயிரத்து ஐம்பதில் உங்கள் நகரம்' என்று போட்டி வைக்கிறார்கள், வெல்பவருக்குத் தங்கள் கந்தோரில் வேலையும் படிப்பும் தருகிறார்கள் என்ற செய்தி விழுந்தால் என்ன ஆகும்? கால் தரையில் பாவவில்லை.

டவுணில் அதே தொழில் பார்க்கும் சிநேகிதர் ஒஸ்வல்ட் பழைய சஞ்சிகைக் கட்டொன்றைக் கொடுத்தார். அவரும் போட்டியில் இருந்தார். இருந்தும் கொடுத்தார், நல்ல மனுசன். வெளிநாட்டுக் கலைஞர்கள் எதிர்காலத்தைக் கண்ட கோலங்களெல்லாம் அதில் இருந்தன. ஒருவர் பூங்கா நடுவே வானளாவும் கோபுரங்களை நட்டிருந்தார். ஜப்பான்காரர் கடலில் ஊரை மிதக்கவிட்டிருந்தார். இன்னொருவரின் நகரத்துக்குக் கால் முளைத்து, அது தானே நடந்து போனது.

நல்லரத்தினம் அதை மனைவி கண்ணகைக்குக் காட்டினார்.

"நடக்கிற ஊரா? தொண்ணூறுச் சண்டையில நாமளும்தானே ஊரோட நடந்த. சட்டி பானையும் தலையில" என்றாள் அவள். "கூரை ஏறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். முதல்ல நம்மட கூரை ஒழுக்கைப் பாருங்க."

கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. அவர் கீறிக்கொண்டே இருந்தார். வாவியில் மிதக்கும் வீடுகள், மாடிகளின் தலையில் நெல் விளையும் வட்டைகள், தெருவுக்குத் தெரு தோணித்துறை. ட்ரேசிங் தாளில் கறுப்பு மை காய்ந்தபோது கண்ணகையே வாயைப் பிளந்தாள்.

படத்தைக் கொடுக்கும் கடைசி நாளில் இருவரும் பஸ் ஏறினார்கள். கல்லடிப் பாலத்து முனையில் ஆமியின் சோதனைச் சாவடி, சென்றி. அங்கே எல்லாரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டியபடி நடக்க வேண்டும். அப்போதுதான் நல்லரத்தினத்துக்கு உறைத்தது: வாவியும் பாலமும் அளவு பிசகாமல் கீறிய தாள் கையில் இருக்கிறது. ஆமிக்காரன் அதை வேறு என்னவென்று நினைப்பான்?

"மெப் தானே? யாருக்குக் கொண்டு போற?" என்றான் ஆமிக்காரன். மீசை இன்னும் சரியாக அரும்பாத முகம்.

நல்லரத்தினம் தாளை இறுகப் பிடித்துக்கொண்டார். உள்ளபடியே பயந்துவிட்டார். கண்ணகைதான் முந்திக்கொண்டாள்: "இது இப்ப இருக்கிற ஊர் இல்ல தம்பி. ரெண்டாயிரத்து ஐம்பதில வாற ஊர். போட்டிக்குக் கீறின."

அவன் தாளை வாங்கித் தார்ப்பீப்பாயின் மேல் விரித்தான். மிதக்கும் வீட்டைப் பார்த்துச் சிரித்தான். மாடியில் நெல்லைப் பார்த்து, "எங்க அப்பாவும் வயல்" என்றான். பிறகு விரல் படத்துப் பாலத்தின் முனையில் வந்து நின்றது. சிரிப்புப் போய்விட்டது.

அங்கே ஒரு சென்றி இருந்தது. மண்மூட்டை, பீப்பாய், ஆண்களுக்கொரு வரிசை, பெண்களுக்கொரு வரிசை, தோளில் துவக்கோடு ஒருவன். ஒன்றும் குறையவில்லை. பாலம் என்றால் முனையில் சென்றி என்று நல்லரத்தினத்தின் கைக்குப் பழகிவிட்டது. யோசிக்காமலே கீறித் தள்ளியிருந்தது.

"இது நான்தானே?" என்றான் ஆமிக்காரன். "ரெண்டாயிரத்து ஐம்பதிலயும் நான் இங்கதானா? நான் வீட்டுக்குப் போறதில்லயா?"

நல்லரத்தினத்துக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரை மிதக்கவிடத் தெரிந்தவருக்கு இந்த ஒரு சென்றியைத் தூக்கத் தெரியவில்லையே! "அழிச்சிடுவன் தம்பி. மையில கீறினது, றப்பரால போகாது. பிளேட்டால சுரண்ட வேணும்" என்றார்.

அவன் உள்ளே போய்த் தன் சவரப் பிளேட்டைக் கொண்டுவந்து நீட்டினான். நல்லரத்தினம் பீப்பாய்மேல் குனிந்து, தாள் கிழியாமல் மெல்லச் சுரண்டினார். பின்னால் வரிசை நீண்டது. ஆமிக்காரன் துகளை ஊதி ஊதிவிட்டான். தாளில் நின்ற துவக்குக்காரன் கடைசியாகப் போனான்.

"சரி, போங்க" என்றான் அவன், பிளேட்டை வாங்கிக்கொண்டு.

அடுத்த மாதம் டவுண் மண்டபத்தில் போட்டிப் படங்களை மாட்டினார்கள். நல்லரத்தினம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒருவர் பாலத்தைக் கண்ணாடியால் கட்டியிருந்தார், முனையில் சென்றி. இன்னொருவர் பறக்கும் பஸ் விட்டிருந்தார். அதற்கும் ஆகாயத்தில் ஒரு சென்றி. ஒஸ்வல்டின் சென்றி மூன்று மாடி, லிஃப்ட் வேறு. கண்ணகை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

முதல் பரிசு நல்லரத்தினத்துக்கு. கொழும்பிலிருந்து வந்த நடுவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு பேரும் சென்றியைக் கீறியிருக்க, உங்களுக்கு மட்டும் எப்படி அது இல்லாத ஊர் தோன்றியது?"

"எனக்கும் தோணல்ல ஐயா. நானும் கீறினனான்தான்" என்றார் நல்லரத்தினம். "அதில நிக்கிற பொடியன்தான் அழிக்கச் சொன்ன."