பெயர் கழுவிய தட்டு

ரெனீட்டா உட்கார்ந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். யுவோனின் ஆறு மாத உழைப்பு இரண்டு துண்டாகிவிட்டது.

“எது மேலடி உக்காந்தே?”

“நாற்காலி மேல. நாற்காலியில யாருடி இசைத்தட்டை வெப்பா?”

எண்பத்தேழு ஜனவரி. பெல்வதேர் கிளப்பில் பிற்பகல் மூன்றரை மணி. வெள்ளிக்கிழமைகளில் இந்தத் தளத்தில் ஆயிரம் பேர் ஆடுவார்கள். பாருக்குப் பக்கத்தில் வானொலிக்காரர்களும் ரெக்கார்டு கம்பெனி ஆட்களும் தூணோடு தூணாக நிற்பார்கள். கூட்டம் ஒரு பாட்டுக்குக் கையைத் தூக்கிவிட்டால், திங்கட்கிழமை பிராங்ஸிலிருந்து புரூக்ளின் வரை எல்லாக் காரிலும் அதுதான் ஓடும். கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் பாடியவர் பெயரை அப்புறம் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். இப்போதோ தரையில் பினாயில் வாசனை. பீர் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மேடைக்குக் கீழே கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் ஒடெஸ்ஸா. இந்த வெள்ளிக்கிழமை மேடையில் ஒரே ஓர் இடம் காலி. யாருக்கு என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு யுவோனும் ரெனீட்டாவும் வாசித்துக் காட்ட வேண்டும். நான்கேகாலுக்குப் போட்டியாளன் வில்ஃப்ரெடோ.

உடைந்த தட்டில் எட்டே விநாடிக்கு ஒரு டிரம்ஸ் வரும். வெறும் டிரம்ஸ். அதே தட்டு இரண்டு இருந்தால், ஒன்று சுழலும்போது மற்றதைப் பின்னால் இழுத்துவிட்டு, மாற்றி மாற்றி அந்த எட்டு விநாடியை நாலு நிமிடமாக்கலாம். அதன் மேல்தான் ரெனீட்டா வார்த்தைகளைக் கொட்டுவாள். இப்போது உடையாமல் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தட்டு; எட்டு விநாடியோடு கதை முடிந்தது.

“கீழே சப்வே ரயில் ஸ்டேஷன்ல ரெக்கார்டு கடை இருக்கே. ஓடிப்போய் வாங்கிட்டு வரேன். என்ன பேரு?”

யுவோன் வாயைத் திறந்தாள். மூடினாள்.

எந்தத் தட்டு என்று எவனும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, இருநூறு தட்டுகளையும் குளியல் தொட்டியில் ஊறப்போட்டு, நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தாள். அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. பெயரை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் யாராவது படித்துவிடுவார்களே!

“மறந்துட்டேன்.”

“நாசமாப் போச்சு. உலகத்துக்கிட்ட மறைக்கச் சொன்னா, உன்கிட்டயே மறைச்சுக்கிட்டியா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வில்ஃப்ரெடோ. மூன்று மாதமாக யுவோன் வாசிக்கும் இடத்திலெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டியவன்.

“என்ன தாயே, துக்க வீடா?”

உடைந்த துண்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள் யுவோன். காகிதம் இருந்த இடத்தைச் சுற்றிய வெற்று ஓரத்தில், தொழிற்சாலையில் ஊசியால் கீறிய எண்கள் மங்கலாகத் தெரிந்தன. அதே பாட்டின் தட்டு எல்லாவற்றிலும் அதே எண்தான்; ஆனால் கடையில் பெயர் இல்லாமல் எண்ணை வைத்துத் தேட மாட்டார்கள். வில்ஃப்ரெடோவிடம் நான்கு பெட்டி தட்டுகள் இருந்தன. கேட்கலாம். கேட்டால் ரகசியம் போய்விடும். கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். எண்ணைச் சத்தமாகவே படித்தாள்.

“ஆறு, ஆறு, மூணு, ஒண்ணு, பி. உன்கிட்ட இருக்கா பாரு.”

அவன் சிரிப்பு நின்றது. “அந்த டிரம்ஸா? நீயே சொல்றியா?”

“சொல்லிட்டேனே. தேடுய்யா.”

அவனும் காகிதத்தைக் கழுவியவன்தான். அவன் அம்மா வேலை பார்க்கும் மளிகைக் கடை வாழைப்பழ ஸ்டிக்கர்தான் அவனுக்கு அடையாளம். ஒவ்வொன்றாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். மூன்றாவது பெட்டியில் கை நின்றது.

“அடப்பாவி. இது என்கிட்ட ரெண்டு வருஷமா கிடக்கு. மறுபக்கத்தை, இந்த ‘பி’யைப் போட்டுப் பார்த்ததே இல்ல!”

ரெனீட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மூணு மாசம் இவ முதுகுல மூச்சு விட்டதுக்கு, உன் பொட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்ல ராசா?”

யுவோன் கையை நீட்டினாள். வில்ஃப்ரெடோ தட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“கையில தர மாட்டேன். இது இல்லாம நீ மேடை ஏற முடியாது. நான் எதுக்கு ஏத்தி விடணும்?”

“சரி, நீயே வெச்சுக்க,” என்றாள் யுவோன். “ஆனா அந்த எட்டு விநாடிக்கு மேல யாரு பேசுவா? உனக்கு ரெனீட்டா இருக்காளா?”

அவன் ரெனீட்டாவைப் பார்த்தான்; தட்டைச் சட்டையில் துடைத்தான்.

“நாலு மணி!” ஒடெஸ்ஸா கத்தினாள். “யாரு வர்றீங்க?”

மூன்று பேர் ஏறினார்கள். ஒடெஸ்ஸா கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். “ரெண்டு பேருன்னுதானே போட்டிருக்கு?”

“இப்ப மூணு, மேடம்,” என்றான் வில்ஃப்ரெடோ.

இடது தட்டு யுவோனுடையது, வலது அவனுடையது. முதல் மாற்றத்திலேயே அவன் அரைத் தாளம் பிந்தினான். யுவோன் பார்வையால் அதட்டினாள். இரண்டாவதில் சரியாக வந்து விழுந்தான். ஐந்தாவதில், கோத்த இடம் எதுவென்று யுவோனுக்கே தெரியவில்லை. ரெனீட்டா மைக்கை இழுத்து, தான் வேலை பார்க்கும் சலவைக் கடையைப் பற்றி, அங்கே பொறுக்கியெடுத்த கோபத்தையும் கிண்டலையும் சேர்த்துக் கொட்டத் தொடங்கினாள்.

ஒடெஸ்ஸா எழுந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். யுவோன் அவள் போவதைப் பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

ஒடெஸ்ஸா போய்விடவில்லை. கனத்த கதவுகள் இரண்டையும் முழுக்கத் திறந்து, பீர் பெட்டிகளை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பிராட்வே தெருவின் நடைபாதையில் யாராவது நிற்கிறார்களா என்று கவனித்தபடி நின்றாள். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. டிரம்ஸ் வெளியே போனது. வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்த கால்களில் ஒரு ஜோடி நின்றது. பிறகு, பனி உருகத் தெருவில் தூவிய உப்பின் கறை படிந்த பூட்ஸ் ஒரு ஜோடி வாசலை நோக்கித் திரும்பியது.